டொப்பன் பச்சையான கதை

"மாமா, நம்ம டொப்பனை என்னா பண்ணி வச்சிருக்கானுங்கன்னு பாத்தீங்களா?"

சேகர் தன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். நான் டீயில் முதல் வாய் வைத்திருந்த நேரம். ஜங்ஷன் ரோட்டில், அவனுடைய செல்போன் ரிப்பேர் கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு டீ, ஒரு மெதுவடை, யாரோடும் பேசாத ஒரு கால் மணி நேரம். வாரத்தில் எனக்கென்று நான் வைத்திருப்பது இவ்வளவுதான். அன்றைக்கு அதுவும் போயிற்று.

சேகர் என் மனைவி செல்வியின் தம்பி. முப்பத்து நாலு வயது. பத்து இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போய், பதினோராவதாகத் திட்டக்குடி பக்கம் மங்களூரில் கவிதா என்கிற பெண் அமைந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு மாப்பிள்ளை கவலைப்பட அந்த மூன்று வாரத்தில் எவ்வளவோ உண்டு.

போனில் ஒரு படம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிருகம், வலது கையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் 'மீண்டும் வருகிறான்' என்று போட்டிருந்தது.

"ஆரஞ்சாம் மாமா. டொப்பன் ஆரஞ்சாம். கையப் பாருங்க. வயித்துல இருந்த கையத் தூக்கி மேல வச்சிட்டான். இதுக்குத்தான் இத்தினி வருசமா காத்துக்கிட்டு இருந்தமா?"

அவன் கண் கலங்கியிருந்தது. பத்து இடம் தட்டிப்போனபோதுகூட அவன் கலங்கி நான் பார்த்ததில்லை.

நான் மெதுவடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மிருகத்தின் கையை இறக்கி வயிற்றில் வைத்தவன் நான். அதைப் பச்சையாக்கியதும் நான்தான். இந்தத் தொடரில் சூளை, மழை, வெடித்த ஜாடி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வருகிறேன். என்னுடைய பெரிய திருட்டை மட்டும் இதுவரை எழுதவில்லை.

கரடியா, கீரியா

டொப்பனைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இருபது இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் ஞாயிறு காலையில் டிவியில் ஒரு கார்ட்டூன் ஓடியது. ஏதோ வெளிநாட்டுச் சரக்கு. தமிழில் பேச வைத்திருந்தார்கள். அதன் நாயகன் டொப்பன். கரடியின் உடம்பு, கீரியின் முகம், வால் மட்டும் துடைப்பம் மாதிரி. அது என்ன பிராணி என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. கெட்டவர்கள் வந்தால் வலது கையை மேலே தூக்கி, "டொப், டொப், டொப்பன்" என்பான். கெட்டவர்கள் கீழே விழுவார்கள். எதற்காக விழுகிறார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

சில மாதம் ஓடிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் டிவியில் ஒரு அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். டொப்பன் போய்விட்டான். அன்றைக்கு ஊரில் அழாத பிள்ளை இல்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நான் அழவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

பாசறை

சேகர் ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறான். பெயர் 'டொப்பன் பாசறை, விருத்தாசலம்'. எண்பது பேர் இருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், பேங்க் காசாளர், ரயில்வேக்காரர், இரண்டு டீச்சர்கள். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். சாதாரண நாளில் அதில் காலை வணக்கம் மட்டும்தான் வரும்.

ஆரஞ்சுப் படம் வந்ததும் குழுவில் ஒப்பாரி எழுந்தது. சேகர் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினான்.

'நம்ம சின்ன வயசுல மண்ணள்ளிப் போட்டுட்டானுங்க' என்று ஒருவர். ஒரு டீச்சர் எதுவும் எழுதவில்லை, அழுகிற முகமாக முப்பது வைத்திருந்தார். பேங்க் காசாளர், கவுண்டரில் நாம் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர், ஏழு நிமிசத்துக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதில் மூன்று நிமிசம் மூச்சு வாங்குகிற சத்தம். ஆட்டோக்காரர் தன் வண்டியின் முதுகில் பச்சை டொப்பனை வரைந்து, கீழே 'இவன்தான் அசல்' என்று எழுதிவிட்டார்.

"கம்பெனிக்கு மனு போடப் போறோம் மாமா. பச்சையா மாத்து, கைய இறக்குன்னு."

"போடு," என்றேன். வேறு என்ன சொல்வது.

அச்சில் தங்கிய கை

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அதற்கப்புறம் பீங்கான் பொம்மை செய்கிற பட்டறைதான். என் வேலை அச்சு எடுப்பது. முதலில் பொம்மையைக் களிமண்ணில் கையால் செய்ய வேண்டும். அதன்மேல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சாக எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பீங்கான் குழம்பை ஊற்றினால், அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். உள்ளே பொம்மை தோலாகப் படிந்து நிற்கும். அதை எடுத்துக் காயவைத்துச் சூளையில் சுடுவோம்.

டொப்பன் டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் முதலாளி வந்தார். "மாசி மகத்துக்கு அவனைப் போடுவோம்டா. புள்ளைங்க பிச்சிக்கிட்டு வாங்கும்," என்றார். மாசி மகத்தின்போது பழமலைநாதர் கோயிலைச் சுற்றிப் பொம்மைக் கடை போடுவார்கள். பட்டறைக்கு அதுதான் அறுவடை.

கையைத் தூக்கினபடிதான் செய்தேன். ஆனால் கை மெல்லிசு. பத்துப் பொம்மை எடுத்தால் ஏழு பொம்மையின் கை அச்சுக்குள்ளேயே தங்கிவிடும். முதலாளி அந்த ஒற்றைக் கை டொப்பன்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இவன் கெட்டவங்களோட சண்டை போட்டானா, நம்ம ஊரு பஸ்ஸுல ஏறினானா?"

அதனால் கையை மடக்கி வயிற்றோடு ஒட்டிவிட்டேன். அப்புறம் ஒன்றுகூட உடையவில்லை. பார்ப்பதற்கு வயிற்றுவலிக்காரன் மாதிரி இருந்தான். பிள்ளைகள் அதைத்தான் வீரம் என்று எடுத்துக்கொண்டன. அந்த வருசம் ஒரு ஸ்கூலில் காலைப் பிரேயரில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, முந்தின நாள் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று டீச்சர் பயந்துபோனாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பாதியும் பின்பாதியும் வேறு அச்சோடு மாறிப்போகாமல் இருக்க, குதிகால் பக்கம் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் கீறி வைப்பது என் வழக்கம். அது பொம்மையின் குதிகாலிலும் வந்துவிடும்.

"இது என்னா கலருங்க?"

முதலாளி வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. ஆன்டெனாவை ஒருவர் மொட்டை மாடியில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் டொப்பனைப் பார்த்தது அதில்தான். எங்களுக்குத் தெரிந்த டொப்பன் சாம்பல் நிறம்.

முதல் பொம்மை பெயிண்ட் அடிக்கிற இடத்துக்குப் போயிற்று. அங்கே வேலை பார்த்த பெண்களில் செல்வியும் ஒருத்தி. ஒன்றரை வருசமாக அவள் பட்டறைக்குள் நுழைகிற நேரம், தலையில் வைத்திருக்கிற பூ, சாப்பாட்டுத் தூக்கின் நசுங்கல் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண்கள் இருக்கட்டும், நாலு ஆண்கள் சேர்ந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

செல்வி டொப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"இது என்னா கலருங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. காது இரண்டும் சுட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பின பக்கத்தில், கிளிப் பொம்மைக்குக் கலக்கி மீந்துபோன பச்சை பெயிண்ட் ஒரு வாளி இருந்தது.

"ஓ, பச்சையா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பது டொப்பன் பச்சை. திருவிழா முடிவதற்குள் ஊரே பச்சை.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "யாரு கேட்டாலும் மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி சரக்கு வந்துதுன்னு சொல்லுங்க. நாம செஞ்சோம்னு தெரிஞ்சா டிவிக்காரன் வந்துருவான்."

எந்த டிவிக்காரனும் வரவில்லை. நாங்கள் மட்டும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தோம். செல்வி தன் பத்து வயதுத் தம்பிக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னாள்.

கார்ட்டூன் நின்றுபோனது. பொம்மை ஷோகேசில் நின்றது. இத்தனை வருசமாகத் தினமும் அதைப் பார்த்தவர்களுக்கு அதுதான் டொப்பன்.

மங்கலம்பேட்டை டிவி

குழுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் ஆரஞ்சுப் படத்துக்கு இதயம் போட்டிருந்தான். மங்கலம்பேட்டை அன்வர். ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். சேகரும் அவனும் ஸ்கூலில் ஒரே பெஞ்சு.

அந்தக் காலத்தில் மங்கலம்பேட்டையில் குவைத்திலிருந்து ஆள் வந்தால் கம்பளியில் சுற்றி ஒரு கலர் டிவியும் வரும். அன்வரின் அப்பா கொண்டுவந்தது பெரிய டிவி. விருத்தாசலத்துப் பிள்ளைகள் சாம்பல் டொப்பனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஞாயிறுகளில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அன்வர் கலரில் பார்த்திருக்கிறான்.

"டேய் சேகரு, டொப்பன் ஆரஞ்சுடா. அப்பவே ஸ்கூல்ல சொன்னேன். சேந்துக்கிட்டு அடிச்சீங்க," என்று குரல் பதிவு போட்டான்.

சேகர் பதில் போட்டான். "உங்க வூட்டு டிவி கெட்டுப்போன டிவிடா. அதுல எல்லாருமே ஆரஞ்சாத்தான் தெரிஞ்சாங்க. செய்தி வாசிக்கிற அம்மாவும் ஆரஞ்சு."

இப்படியே ஏறிப் பந்தயத்தில் வந்து நின்றது. அடுத்த ஞாயிறு டீக்கடையில் இருவரும் ஆதாரம் காட்ட வேண்டும். தோற்றவன் அரை மீசையை எடுக்க வேண்டும். சேகரின் கல்யாணம் முடிகிற வரைக்கும் மறுபாதியைத் தொடக்கூடாது.

"கல்யாண ஆல்பத்துல அரை மீசை இருக்கணும். அதான் கண்டிசன்," என்றான் அன்வர்.

எண்பது பேர் பார்க்கச் சேகர் சம்மதித்துவிட்டான்.

அவன் மீசை சாதாரண மீசை இல்லை. பெண் வீட்டார் வந்து பார்த்தபோது சொன்ன முதல் நல்ல வார்த்தையே, "பையனுக்கு மீசை நல்லா இருக்குது," என்பதுதான். விஷயம் தெரிந்ததும் செல்வி கையில் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அரை மீசையோட மணவறையில உக்காந்தா அவங்க வூட்ல என்னா நெனப்பாங்க? பைத்தியம்னு எழுந்து போயிட மாட்டாங்களா? பதினோராவது எடமும் போச்சு."

ஒரு தலையாட்டல்

புதன்கிழமை சேகர் தன் டொப்பனைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நீங்க பீங்கான்லயே வளந்தவங்க. இது கம்பெனி பொம்மைதானேன்னு பாத்துச் சொல்லுங்க. குதிகால்ல பாருங்க, முத்திரை போட்டிருக்குது."

இரண்டு கோடு, ஒரு புள்ளி. அது ஜப்பான் எழுத்து என்று குழுவில் ஒரு டீச்சர் கண்டுபிடித்திருக்கிறாராம்.

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி கூரையைப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். கல்யாணமான நாள் முதல் அந்த ஆட்டலில்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

சேகர் வாசலைத் தாண்டுவதற்குள் குரல் பதிவு போய்விட்டது. "எங்க மாமாவே கையில வாங்கிப் பாத்துச் சொல்லிட்டாரு. கம்பெனி சரக்குதானாம். ஜப்பான்லேர்ந்து நேரா வந்துதாம்."

பூண்டு

சனிக்கிழமை சாயங்காலம் செல்வி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பூண்டு இருப்பது டொப்பனின் முன்பாதி அச்சில். பிளாஸ்டர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில்கூடப் பூண்டு முளைக்காது. தேய்ந்துபோன அச்சைப் பட்டறையில் கழித்தபோது நான் எடுத்துவந்தேன். சேகர் எத்தனையோ தடவை அந்த வயிற்றுப் பள்ளத்தில் கைவிட்டுப் பூண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"அன்வரோட மச்சான் குவைத்லேர்ந்து பழைய வீடியோ கேசட்டு அட்டையப் படம் புடிச்சு அனுப்பிட்டாராம்," என்றாள். "ஆரஞ்சுதானாம். இவன் தோத்துருவான்."

"ம்."

"ம்முன்னா என்னா அர்த்தம்? அன்னிக்கி நான் கலர் கேட்டப்ப வாயத் தொறந்து தெரியாதுன்னு சொல்லியிருந்தா இவ்ளோ வந்திருக்குமா?"

"நீ உங்க பெயிண்ட் மேஸ்திரியக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்," என்றாள். பூண்டையெல்லாம் ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். அச்சைப் புடவைத் தலைப்பால் துடைத்து என் பக்கம் தள்ளினாள். "மேஸ்திரி என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு."

இத்தனை வருசமாக இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

தோத்தவன் யாரு

ஞாயிறு காலை டீக்கடையில் முப்பது பேர் இருந்தார்கள். அன்வர் தன் போனில் கேசட் அட்டையைக் காட்டினான். ஆரஞ்சு, கை மேலே. சேகர் பிஸ்கட் பாட்டிலின் மேல் தன் பச்சை டொப்பனை நிறுத்தினான்.

"அட்டைய எவன் வேணா அடிப்பான். இது கம்பெனி பொம்மை. இதோ எங்க மாமா இருக்காரு, கேளுங்க."

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட ஆரம்பித்தது. திருப்பிக்கொள்ள வேறு பக்கம் இல்லை. பையிலிருந்து அச்சை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன்.

"பூண்டு வைக்கிறத ஏன் மாமா எடுத்தாந்தீங்க?" என்றான் சேகர்.

நான் டொப்பனை எடுத்து அச்சில் குப்புறப் படுக்க வைத்தேன். மூக்கு மூக்கில், வயிற்றுக் கை வயிற்றுக் கையில் இறங்கிற்று. ஆனால் அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி சுற்றிலும் தொளதொளவென்று இடம் இருந்தது.

"அச்சு பெருசா இருக்குதே மாமா," என்றான் அன்வர்.

"சூளையில சுட்டா சுருங்கும்," என்றேன்.

அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது. அப்புறம் நிற்கவில்லை. கை உடைந்தது, முதலாளி சொன்ன பொய், பச்சை வாளி எல்லாம் சொன்னேன். கலர் கேட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் சேர்ந்தாற்போல நான் அவ்வளவு பேசியதில்லை. டீக்கடைக்காரர் வடையைத் திருப்ப மறந்து ஒரு ஈடு கருகிப்போயிற்று.

"அப்ப அந்த ஜப்பான் எழுத்து?" என்றார் பேங்க் காசாளர்.

"முன்பக்கம் பின்பக்கம் மாறாம இருக்கறதுக்குங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அன்வர் என் முன்னால் வந்து நின்றான். "இந்தப் பச்சைப் பொம்மை எங்க வூட்டுலயும் இருந்துது மாமா. கலர் தப்புன்னு நான் ஒரே அழுகை. எங்கம்மா மருதாணி அரைச்சுப் பூசிப் பாத்தாங்க. புடிக்கவே இல்ல. ஒரு வாரம் நான் ஒழுங்கா சோறு திங்கல. அது நீங்கதானா?"

"நான்தான் தம்பி."

சேகர் இரண்டு விரலால் மீசையைத் தொட்டுக்கொண்டு நின்றான். கல்யாணத்துக்கு அன்றோடு பதினான்கு நாள். ஆனாலும் சொல் மாறவில்லை.

"சரி, வாடா. சலூனுக்குப் போவோம்," என்றான்.

"இருப்பா," என்றேன். "அன்வர் தம்பி, பந்தயம் என்னான்னு திருப்பிச் சொல்லுங்க."

"தோத்தவன் அரை மீசை எடுக்கணும்."

"சேகரு எங்க தோத்தான்? அவன் எங்க பொம்மையப் பாத்து நம்பினான். தோத்தது நானு."

பெரிய வழக்காகிவிட்டது. செல்லும் என்று பாதிப் பேர், செல்லாது என்று பாதிப் பேர். கடைசியில் பேங்க் காசாளர் எழுந்து, குழுவில் பந்தயம் போட்ட பதிவை ஓடவிட்டு இரண்டு தடவை கேட்டார். "ஆளு பேரு சொல்லல. தோத்தவன்னுதான் இருக்குது. ரூல்படி செல்லும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆனா கண்டிசன் கண்டிசன்தான் மாமா. ஆல்பத்துல இருக்கணும்," என்றான்.

சலூனில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். வலது பக்கம் என்றேன். டொப்பன் கை தூக்குகிற பக்கம்.

ஆல்பம்

கூச்சப்படுகிறவன் பிழைப்பதற்கு ஒரே வழி, யாரும் திரும்பிப் பார்க்காதபடி இருப்பது. அரை மீசையோடு அது நடக்காது. பஸ்ஸில் கண்டக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனார். பட்டறையில் ஒருவர், "ஒரு பக்கத்த ஏன் எடுத்தாங்கன்னு கேக்கல, இன்னொரு பக்கத்த ஏன் வச்சாங்கன்னுதான் தெரியல," என்றார். பதினான்கு நாளில் ஊரில் என்னைத் தெரியாதவர் யாரும் பாக்கி இல்லை.

மனுவைத் திருத்திக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். டொப்பன் ஆரஞ்சாகவே இருக்கட்டும், எங்கேயாவது ஒரு காட்சியில் அவனுடைய பச்சைச் சொந்தக்காரன் ஒருவன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வந்து போகட்டும் என்று. பதில் இன்னும் வரவில்லை.

கல்யாணத்தன்று மங்களூர்க்காரர்கள் சீர்த்தட்டு கொண்டுவந்தார்கள். குத்துவிளக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில் ஒரு தட்டில் பச்சை டொப்பன் நின்றான். கவிதாவும் சின்ன வயதில் மாசி மகத்துக்கு வந்து வாங்கியிருக்கிறாள். சேகர் அதைப் பார்த்துவிட்டு, தாலி கட்டுவதற்கு முன்பே ஒருமுறை அழுதான்.

மேடையில் கவிதா செல்வியின் காதில் கேட்டாள். "அண்ணி, அண்ணனுக்கு மீசை என்னாச்சு?"

"அதுக்குக் காரணம் உங்க வூட்டுச் சீர்த்தட்டுல நிக்குது," என்றாள் செல்வி.

போட்டோ எடுக்கப் பாசறை மொத்தமும் மேடை ஏறிற்று. என்னையும் இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். செல்வி என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தாள். நான் அசையவில்லை.

போன வாரம் ஆல்பம் வந்தது. அன்வர் கண்டிசனைச் சரிபார்க்க மங்கலம்பேட்டையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஏடு ஏடாகத் திருப்பி, அந்தப் படத்தில் நிறுத்தினான். மாப்பிள்ளை, பெண், காசாளர், டீச்சர்கள், எல்லாருடைய வலது கையும் வயிற்றில். அன்வருடைய கை மட்டும் வானத்தில். என்னுடைய கை என் வாய்மேல்.

"அரை மீசை எங்க மாமா?" என்றான்.

"ஆல்பத்துலதான் இருக்குது தம்பி," என்றேன். "கைக்குப் பின்னால இருக்குது."